நெரவி மூன்றாம் ஃபிளாப்பியின் மெய்நகல்

ஜெனிட்டா அந்த அலுவலகத்தில் சேர்ந்து நூற்றுப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அதில் அவள் வேலை செய்தது நாற்பத்தோரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் அந்த நாற்பத்தோரு நிமிட வேலை சரிதானா என்று பார்ப்பதிலேயே போயிற்று.

அலுவலகத்தின் பெயர் மரபு மின்பதிவுகள் மீட்புப் பிரிவு. காரைக்காலில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில், பெரிய பலகையும் சிறிய அறையுமாக இருந்தது. முன்பு அலுவலகங்கள் தகவல்களை ஃபிளாப்பியில் பதிந்து வைத்தன. பிறகு ஃபிளாப்பி போடும் கம்ப்யூட்டர்கள் போய்விட்டன. ஃபிளாப்பிகள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றுக்குள் இருப்பதை வெளியே எடுப்பது பிரிவின் நோக்கம். பிரிவு தொடங்கி மூன்று ஆண்டு. வெளியே எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூன்று ஆண்டும் சரியாக இருந்தது.

தலைமை எழுத்தர் காஜா நஜ்முதீன் மின்சார இலாகாவிலிருந்து வந்தவர். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. எழுத்தர் சிலம்பரசன் கால்நடைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவன். கோழி எண்ணுவதில் பெயர் வாங்கியவன். துணை இயக்குநர் அறிவுச்செல்வன் இளநிலை எழுத்தராகத் தொடங்கி, எட்டு அலுவலகம் சுற்றி, தானாகவே மேலே வந்தவர். ஜெனிட்டா இயற்பியல் படித்தவள். எழுத்துத் தேர்வில் தொண்ணூறு வாங்குவாள். வாய்மொழித் தேர்வில் தேறுவதே பாடு. யாராவது பெயர் கேட்டால்கூட ஒரு முறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வாள். கம்ப்யூட்டர் யாரையும் பேசச் சொல்லாது என்பதால்தான் இந்த ஒப்பந்த வேலைக்கு மனுப் போட்டாள்.

முதல் நாள் காலை காஜா நஜ்முதீன் ஒரு பழைய பிஸ்கட் டின்னை அவள் மேசையில் வைத்தார். உள்ளே முப்பத்தாறு ஃபிளாப்பிகள். எல்லாவற்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்திருந்தன.

“ஆயுத பூஜைம்மா. வருசா வருசம் வைக்கிறது. நம்ம துணை இயக்குநர் சார்தான் அந்தக் காலத்துல, பழைய ஆபீசுல, ஆரம்பிச்சு வச்சாராம். நடுவுல மரியசூசைன்னு ஒருத்தர் இருந்தாரு, அவரு கிறிஸ்துமசுக்குத் தீர்த்தம் தெளிச்சிருக்காரு.”

ஜெனிட்டா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எதுவும் செய்யலம்மா. வியாழக்கிழமைக்கு ஒரு ஊதுவத்தி, அவ்வளவுதான்” என்றார் அவர்.

அறைக்கு வெளியே பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெரவியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவள், பெயர் அஞ்சுகம். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்காக மடித்த நோட்டீஸ். அவளும் கணவன் சுப்ராயனும் இருக்கும் வீடு வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது, மனை ஒதுக்கியதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் இடிக்கப்படும் என்று நோட்டீஸ் சொன்னது. தொண்ணூற்றாறில் ஏழைகளுக்கு மனை கொடுத்தபோது தந்த சீட்டு கஜா புயலில் கூரையோடு பறந்துவிட்டது. அலுவலகப் பதிவேடு மழைத் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. பட்டியல் மிச்சமிருந்த ஒரே இடம், ‘நெரவி–3’ என்று சீட்டு ஒட்டிய ஒரு ஃபிளாப்பி.

“சீட்டக் கஜா கொண்டுபோயிட்டுது பாய்” என்றாள் அஞ்சுகம்.

“பேருதான்ம்மா ஒண்ணு. நான் எதையும் எடுக்கல” என்றார் காஜா நஜ்முதீன்.

“சிரிக்காதீங்க பாய். அந்த மனுசன் இடுப்பு ஒடிஞ்சு ரெண்டு வருசமா கட்டில்ல கெடக்குறாரு. வந்து இடிச்சாங்கன்னா கட்டிலோட எந்த ரோட்டுல கொண்டுபோய்ப் போடுறது?”

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஜெனிட்டா உள்ளே வேலையைத் தொடங்கினாள். ஃபிளாப்பியின் தகர மூடி இடுக்கில் சந்தனம் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, முப்பது நிமிடம் துடைத்தாள். பிறகு தன் கைப்பையில் கொண்டுவந்திருந்த ஃபிளாப்பி டிரைவில் போட்டு, முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுத்தாள். உள்ளதை உள்ளபடி, ஒன்றும் இல்லாத இடத்தை ஒன்றும் இல்லாதபடியே எடுப்பது. டிஸ்க் இமேஜ் என்பார்கள். இதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் இருந்த பட்டியலைத் திறந்து படித்தது இரண்டு நிமிடம். இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒரு பிசிறு இல்லாமல்.

அவள் எழுந்து துணை இயக்குநர் அறைக்குப் போனாள். எச்சில் விழுங்கினாள். “சார், நெரவி மூணு வந்துருச்சு. பட்டியல் இருக்கு சார். கடைசியில...”

அறிவுச்செல்வன் கையை உயர்த்தினார். “உள்ள இருக்கறதச் சொல்லாத. படிச்சியா?”

“ஆமாம் சார்.”

“யாரக் கேட்டுப் படிச்ச?”

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார். அவருக்குக் கோபம் வருவதில்லை. விளக்கம்தான் வரும்.

“இங்க பாரு. மூலம்னு ஒண்ணு இருக்கு, நகல்னு ஒண்ணு இருக்கு. ஃபிளாப்பி மூலம். நீ எடுத்தது நகல். நகலை மூலத்தோட ஒத்துப் பார்த்து, பொறுப்பான அதிகாரி பச்சை மையில மெய்நகல்னு கையெழுத்துப் போடணும். போடுற வரைக்கும் அதுல இருக்கறது தகவல் இல்ல. வதந்தி. முப்பது வருசமா கவர்மெண்டு இதுலதான் நிக்குது. வதந்தியப் பரப்ப மாட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போம்மா.”

ஜெனிட்டா எழுதிக் கொடுத்தாள். எழுதுவது அவளுக்கு எளிது.

ஆகவே பட்டியலில் அவள் என்ன படித்தாள் என்பதை இங்கேயும் சொல்வதற்கில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

வெளியே வந்தபோது அஞ்சுகம் எழுந்து நின்றாள். “என் பேரு இருக்கா பாப்பா?”

“ஒத்துப் பார்த்துட்டுச் சொல்லுவாங்கம்மா” என்றாள் ஜெனிட்டா, தரையைப் பார்த்து.

“பார்க்கட்டும், பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். திங்கக்கிழம வரேன்.”

நோட்டீசில் தொண்ணூறு நாள் கெடு இருந்தது.

நகலை ஒத்துப் பார்க்க வேண்டுமானால் நகல் தாளில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பச்சை மை நிற்காது. ஒரு ஃபிளாப்பியில் பதினான்கு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது எழுத்து இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் இரட்டைக் குறி உண்டு. வரிக்குப் பதினாறு குறி, பக்கத்துக்கு நாற்பத்தைந்து வரி என்று அச்சிட்டால் சரியாக இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுப் பக்கம். மாதிரிப் பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு அறிவுச்செல்வன் வலது ஓரத்தைச் சுட்டிக் காட்டினார்.

“இது என்ன, இங்க இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது?”

“குறிகளுக்கு நேர் எழுத்து சார். படிக்க வசதியா...”

“படிக்க வசதியா இருந்தா யாராவது படிச்சிருவாங்கம்மா. எடுத்துரு.”

எடுத்துவிட்டாள். தாளுக்கு மனு எழுதி, தாள் வந்து, அச்சாகி முடிய இருபத்திரண்டு நாள் ஆனது. அஞ்சுகம் மூன்று திங்கட்கிழமை வந்துபோனாள்.

அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெயர்கள் இருந்தது முப்பது பக்கம். மீதி ஏறக்குறைய முழுவதும் ‘எஃப் ஆறு’ என்ற ஒரே குறி. புது ஃபிளாப்பியைத் தயார் செய்யும்போது, இங்கே ஒன்றும் இல்லை என்பதற்காக இட்டு நிரப்பி வைக்கிற குறி அது. பெயர் உள்ள பக்கங்களை மட்டும் ஒத்துப் பார்க்கலாமே என்று ஜெனிட்டா ஒரு தாளில் எழுதி வைத்தாள். அறிவுச்செல்வன் அதன் ஓரத்திலேயே பதில் எழுதினார்: ‘இருப்பதற்குச் சான்று தேவையில்லை, அது தெரியும். இல்லாததற்குத்தான் சான்று தேவை.’

ஒத்துப் பார்க்கும் முறை பழைய முறை. ஒருவர் மூலத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க, மற்றவர் நகலில் டிக் அடிப்பார். ஃபிளாப்பியைப் பார்த்து வாசிக்க முடியாது என்று காஜா நஜ்முதீன் பணிவாகத் தெரிவித்தார். அதனால் முறையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் ஃபிளாப்பி. அவர் நகலிலிருந்தே வாசிப்பார். ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் தலையைத் தூக்கி ஃபிளாப்பியை ஒரு முறை பார்த்துக்கொள்வார். சிலம்பரசன் அதே நகலின் இன்னொரு பிரதியில் டிக் அடிப்பான்.

“சைபர் சைபர், சைபர் சைபர், சைபர் சைபர்...”

“டிக், டிக், டிக்...”

“டிக்க வாயால சொல்லாதப்பா, தலைய வலிக்குது.”

“சொல்லலன்னா தூக்கம் வருது பாய். கோழியாவது ஓடும். எண்ணுறதுல ஒரு சுறுசுறுப்பு இருக்கும்.”

ஜன்னலுக்குக் கீழே வாஞ்சூர் துறைமுகத்துக்குப் போய்வரும் நிலக்கரி லாரிகள் ஓடின. கரித்தூள் மேலேறி வந்து தாளில் உட்கார்ந்தது. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. அது மூலத்தில் உள்ள புள்ளியா, நகலில் விழுந்த புள்ளியா என்று கேள்வி எழுந்தது. அதற்காக ஒரு புள்ளிப் பதிவேடு திறந்தார்கள். சிலம்பரசன் ஊதிப் பார்த்தான். பறந்தால் ‘புள்ளி நீங்கியது’ என்றும், பறக்காவிட்டால் ‘புள்ளி தொடர்கிறது’ என்றும் எழுதினான். எழுபது புள்ளி வரைக்கும் அவனுக்கு ஆர்வம் இருந்தது.

இரண்டாம் நாள் அவர்கள் முப்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார்கள். அன்று திங்கட்கிழமை. பெஞ்சில் அஞ்சுகம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. காஜா நஜ்முதீன் தலையைத் தூக்கி ஃபிளாப்பியைப் பார்த்தார், தலையைக் குனிந்தார், வாசித்தார்.

“நாலு ஒண்ணு, நாலு ஈ, நாலு ஏ, அஞ்சு அஞ்சு, நாலு ஏழு, நாலு ஒண்ணு, நாலு டி...”

ஏழு குறிகள். ஜெனிட்டா தலையைத் தூக்கினாள். வாசித்தவருக்கு அது ஒன்றும் இல்லை. டிக் அடித்தவனுக்கும் ஒன்றும் இல்லை. வெளியே அஞ்சுகம் ஒரு கொட்டாவி விட்டாள். அந்தக் குறிகளை எழுத்தாகக் கேட்கக்கூடிய காது அந்த மாடியில் ஒன்றுதான் இருந்தது. அவை என்ன எழுத்து என்று இப்போது சொல்வதற்கில்லை. ஜெனிட்டாவின் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அறிவுச்செல்வன் நாளொன்றுக்கு முப்பது பக்கம் என்று பச்சை மையில் கையெழுத்திட்டுவந்தார். அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருத்துவ விடுப்பில் போனார். பொறுப்புக்கு வந்த அதிகாரி நேர்மையானவர். முதல் அறுநூற்றுப் பதினொரு பக்கத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் அடுத்த பக்கத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள்.

இருநூற்று நான்காம் பக்கம் வந்தபோது அறிவுச்செல்வன் கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு அதிகாரிகளின் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஒரு மூலத்துக்கு இரண்டு மெய் இருக்க முடியாது. இரண்டையும் ரத்து செய்தார். மறுபடி முதல் பக்கம்.

இப்படியாக அந்த ஏழு குறிகளும் மூன்று முறை வாய்விட்டு வாசிக்கப்பட்டன.

தொண்ணூறு நாள் கெடு முடிந்து, கெஞ்சிக் கேட்டதில் ஒரு மாதம் நீட்டித்தார்கள். அஞ்சுகம் திங்கட்கிழமை தவறவில்லை. வரவர அவள் கேள்வி குறுகிக்கொண்டே வந்தது. முதலில் ‘என் பேரு இருக்கா பாப்பா’ என்றவள், பிறகு ‘இருக்கா பாப்பா’ என்றாள். பதினான்காம் திங்கட்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், ஜெனிட்டாவைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஜெனிட்டாவுக்கு இருந்தது.

அன்று டீ குடிக்கும்போது அவள் காஜா நஜ்முதீனிடம் கேட்டாள். அவளாக ஒருவரிடம் போய் ஒரு கேள்வி கேட்டது அந்த அலுவலகத்தில் அதுதான் முதல் தடவை.

“அவங்க கிட்ட தனியாச் சொல்லிட்டா என்ன சார்?”

“எத?”

“அதான் சார்.”

அவர் கிளாசுக்குள் பார்த்தார். “சொல்லலாம். அந்தம்மா போய் விசாரணையில சொல்லும். யாரு சொன்னான்னு கேப்பாங்க. எவளோ ஒரு புள்ள காதுல சொன்னுச்சுன்னா அது செல்லுமா? உன் வேலையும் போவும், அந்தம்மா வீடும் போவும்.”

ஒரு வாய் டீ குடித்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: “எங்க இலாகாவுல ஒரு மீட்டர் கேசு நாலு வருசம் நடந்துச்சு. மீட்டர் ஓடுச்சா ஓடலையான்னு இந்த மொத்தத்துக்கு ஃபைலு. கடைசில ஒரு லைன்மேன் விசாரணைக்கு வந்தான். ‘நான் என் கண்ணால பாத்தேங்க, ஓடல’ன்னான். எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கே கேசு முடிஞ்சிபோச்சு. பச்சை மையெல்லாம் நகலுக்குத்தான்ம்மா. மனுசன் வாய்க்கு எவனும் சான்றொப்பம் கேட்டதில்ல.”

டீயை முடித்துவிட்டு எழுந்தார். “வா, எஃப் ஆறு காத்துக்கிட்டு இருக்கும்.”

ஜெனிட்டாவுக்கு அன்று இரவு முழுக்கக் கல்லூரி வாய்மொழித் தேர்வு கனவில் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான். விடை தெரியும். வாய்தான் திறக்கவில்லை.

நூற்றுப் பதினேழாம் நாள் விசாரணை. வட்டாட்சியர் வெண்மதிக்கு முன்னால் நீளமான மேசை. அன்றைக்கு அது பதினொன்றாவது வழக்கு. அவர் முகத்திலும் பதினொரு வழக்கின் களைப்பு தெரிந்தது. அறிவுச்செல்வன் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் ஆறு கட்டாகக் கட்டிச் சுமந்துவந்த சிலம்பரசன். எவர்சில்வர் தட்டில் ஃபிளாப்பியோடு காஜா நஜ்முதீன். கேட்டால் கம்ப்யூட்டர் விளக்கம் சொல்வதற்காக, சுவரோரம் ஜெனிட்டா. எதிர்ப்பக்கம் அஞ்சுகம், பிளாஸ்டிக் பையோடு.

“நெரவி கொம்யூன் பஞ்சாயத்து. மனை ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்துருச்சா சார்?” என்றார் வட்டாட்சியர்.

அறிவுச்செல்வன் எழுந்து நின்றார். இதற்காகக் கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டு வந்திருந்தார்.

“மேடம், எங்க பிரிவைப் பத்தி ஒரு விசயம் பெருமையாச் சொல்லிக்கிறேன். பிரிவு தொடங்கின நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் நாங்க ஒரு தவறான தகவலக்கூட வெளிய விட்டதில்ல.”

“சரியான தகவல் எத்தன விட்டிருக்கீங்க?”

“எந்தத் தகவலும் இதுவரைக்கும் விடல மேடம். அதான் தவறு நடக்கல.” அவர் குரலில் துளிக் கேலி இல்லை. “இந்தப் பட்டியல எடுத்துக்கங்க. இருநூத்திப் பதினாலு குடும்பம். நாங்க அவசரப்பட்டு ஒரு பேரத் தப்பாச் சொல்லிட்டா என்ன ஆவறது? மெய்நகல்ல இப்ப முந்நூத்தி எண்பத்தெட்டாம் பக்கம் வந்துட்டோம். மூணாவது தடவையா ஒத்துப் பார்த்தும் ஒரு வித்தியாசம் இல்ல. அவ்வளவு சுத்தம். கை ஒத்துழைச்சா இன்னும் நாலு மாசம்.”

“நாலு மாசத்துல அங்க வீடு இருக்காது சார். கெடு இன்னும் மூணு நாள்தான். ஆதாரம் இல்லன்னா நான் இன்னிக்கே உத்தரவு போட்டாகணும். எனக்கும் மேல ஆளு இருக்கு.”

“தாராளமாப் போடுங்க மேடம். நாலு மாசம் கழிச்சுப் பேரு இருந்துச்சுன்னா, நாங்க கட்டாயம் எழுத்து மூலமாத் தெரிவிப்போம்.”

“எந்த முகவரிக்கு?” என்றார் வட்டாட்சியர்.

அறிவுச்செல்வன் அதை ஒரு நடைமுறைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு, குறித்துக்கொள்ளும்படி சிலம்பரசனுக்குச் சைகை காட்டினார்.

வட்டாட்சியர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதாமல் நிமிர்ந்தார். “ஒரே ஒரு கேள்வி. அந்தப் பட்டியல இங்க யாராவது கண்ணால படிச்சிருக்கீங்களா?”

“சான்றொப்பத்துக்கு முன்னால யாரும் படிச்சதா ஆகாது மேடம்” என்றார் அறிவுச்செல்வன்.

காஜா நஜ்முதீன் தட்டிலிருந்த ஃபிளாப்பியைப் பார்த்தார். இந்த முறை தலையைக் குனியவில்லை, சுவரோரம் திரும்பினார். அஞ்சுகம் யாரையும் பார்க்கவில்லை. நோட்டீசை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தவர்கள் மடிக்கிற மாதிரி, ஓரம் ஓரமாக அழுத்தி மடித்தாள்.

ஜெனிட்டா எச்சில் விழுங்கினாள். இன்னொரு முறை விழுங்கினாள். சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“நான் படிச்சேங்க.”

“உக்காரும்மா” என்றார் அறிவுச்செல்வன். அவள் உட்கார்ந்திருக்கவே இல்லை.

“பேசட்டும் சார்” என்றார் வட்டாட்சியர். பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்து, “சொல்றத எழுதிக்கங்க” என்றார். பிறகு அவளிடம், “நீங்க யாரு?”

“ஜெனிட்டாங்க. ஃபிளாப்பியிலேருந்து எடுத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எடுத்துட்டேன்.”

“சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

“இருக்குங்க. அறுபத்தோராவது பேரு. அஞ்சுகம், கணவர் பேரு சுப்ராயன், நெரவி. மனை எண் பதினேழு, வாய்க்காலுக்கு வடக்க, புறம்போக்குல சேராதுன்னு போட்டிருக்கு. பட்டியலுக்குக் கடைசியில இன்னும் ஒரு வரி இருக்குங்க. மூலத்தோட ஒத்துப் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு. தொண்ணூத்தாறு, ஆகஸ்ட் ஒன்பது. ஒத்துப் பார்த்தவர் பேரும் இருக்குங்க. அறிவுச்செல்வன், இளநிலை எழுத்தர்.”